மந்திரியின் பத்தொன்பது

இப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. கையெழுத்துப் போடும் இடத்தில் முழுப் பெயர் இருக்கிறது, பிள்ளைகளுக்கு 'மிஸ்' என்ற பெயர் இருக்கிறது, வீட்டில் 'அம்மா' இருக்கிறது. 'நொடி' என்று கூப்பிடத்தான் ஆளில்லாமல் போய்விட்டது.

கல்லூரியில் மூன்று வருஷமும் அவளுக்கு அந்தப் பெயர்தான். நானூறு மீட்டர் ஓடுகிறவள். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்காமல் அவளை யாரும் பார்த்ததில்லை. "பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம்?" என்று யாராவது கேட்டால், "நடந்தா இருநூத்திப் பத்து நொடி, ஓடினா எழுபது" என்பாள். கேட்டவர் பேசாமல் வேறு ஆளிடம் போய்க் கேட்பார். அவளுக்கு அது உறைக்காது. உலகத்தில் உள்ளது எல்லாமே ஒன்று வேகம், இல்லாவிட்டால் தாமதம். அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

மூன்றாம் வருஷத்தில் ஒரு பாடம் வந்தது. சனிக்கிழமை காலையில் கல்லூரியைச் சுற்றியுள்ள தெருக்களிலிருந்து ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் உள்ளரங்கத்துக்கு வருவார்கள். மாணவர்கள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி சொல்லித்தர வேண்டும். மொத்தம் பத்து வாரம். ஒவ்வொரு வாரத்துக்கும் எழுத்தில் திட்டம், ஒரு கோப்பு, கடைசியில் பேராசிரியை போடும் மார்க். யார் யாரோடு என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்தார்கள். நொடிக்கு விழுந்தது மெத்தை.

மெத்தை என்பது வகுப்பிலேயே பருமனான பையன். நல்ல உயரம், அதைவிட நல்ல தூக்கம். எந்தப் பயிற்சி வகுப்பிலும் கால் மணி நேரத்துக்கு மேல் அவனைக் காணவில்லை என்றால், மூலையில் அடுக்கி வைத்திருக்கும் ஜிம்னாஸ்டிக் மெத்தைகளின் மேல்தான் போய்ப் பார்க்க வேண்டும். இந்தப் படிப்பில் எப்படிச் சேர்ந்தான் என்பது அவனுக்கே தெரியாது. "அப்ளிகேஷன்ல டிக் மாறிப்போச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்வான். சீட்டைப் பிரித்துப் பார்த்த நொடிக்கு அழுகையே வந்துவிட்டது.

முதல் சனிக்கிழமைக்கு அவள் ஏழு பக்கத்தில் திட்டம் எழுதிக்கொண்டு போனாள். உடலைச் சூடேற்ற ஐந்து நிமிடம், ஓட்டம் பத்து நிமிடம், தாவல் பத்து நிமிடம் என்று நிமிடம் பிசகாமல் கட்டம் போட்டிருந்தாள். பதினாறு பிள்ளைகள் வந்தார்கள். நாற்பது நிமிடத் திட்டம் ஒன்பது நிமிடத்தில் தீர்ந்துபோனது. அதற்குள் ஒருத்தன் தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டிருந்தான். இரண்டு பேர் வலைக்குள் சிக்கிக்கொண்டு கத்தினார்கள். ஒரு பெண்பிள்ளை, "எப்ப வீட்டுக்குப் போகலாம்?" என்று நான்காவது முறையாகக் கேட்டாள். நொடி விசிலை ஊதினாள். யாரும் காதில் வாங்கவில்லை. திரும்பவும் ஊதினாள். குழாயைத் திறந்தவன் தனக்கும் ஒரு விசில் வேண்டும் என்றான்.

அப்போது மெத்தை நடுக்கூடத்துக்கு வந்து, கையையும் காலையும் ஊன்றி, வயிறு மேலே தெரிய ஒரு வளைவாக நின்றான். "நான் ஒரு பாலம். ரொம்பப் பழைய பாலம். எப்ப விழும்னு தெரியாது. யாரு அடியில போறீங்க?" என்றான்.

பதினாறு பேரும் வந்தார்கள். தவழ்ந்து போனார்கள், உருண்டு போனார்கள், சுற்றி வந்து மறுபடி போனார்கள். பாலம் நடுங்கியது, முனகியது, விழப்போவதாக மிரட்டியது. மீதி அரை மணி நேரமும் அதிலேயே கழிந்தது. முடிந்தபோது மெத்தையின் சட்டை பிழிந்தெடுக்கலாம்போல் நனைந்திருந்தது. நொடியின் கையில் ஏழு பக்கமும் மடங்காமல் அப்படியே இருந்தன.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

"எனக்கு என்ன தெரியும்? நின்னு நின்னு கால் வலிச்சுது. படுத்துக்கலாம்னு பார்த்தேன்."

பிள்ளைகளின் பெயர்கள் அவனுக்கு நினைவில் நிற்கவில்லை. அதனால் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்தான். எல்லோரையும் அதட்டுகிறவள் 'தலைவி'. ஒரு இடத்தில் நிற்காதவன் 'ஸ்பிரிங்'. குழாயைத் திறந்தவன் 'தண்ணி லாரி'. மந்திரி என்பவள் ஆறு வயதுப் பெண். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையோ பார்வையிட வந்தவள்போல் மெதுவாக நடப்பாள். சிரிக்க மாட்டாள். பேசினால் யோசித்துப் பேசுவாள். "மந்திரி வந்துட்டாங்க, எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்று மெத்தை சொன்னால், "உக்காருங்க, பரவாயில்ல" என்பாள்.

மூன்றாவது வாரம் நொடி தன் திட்டத்தை மீட்டெடுத்தாள். சுவரிலிருந்து சுவருக்கு ஓடித் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அவள் நேரம் குறித்துச் சத்தமாக வாசிப்பாள். எண்ணைக் கேட்டால் பிள்ளைகளுக்கு உற்சாகம் வரும் என்று எந்தப் புத்தகத்திலோ படித்திருந்தாள். உற்சாகம் வந்ததும் உண்மைதான். ஸ்பிரிங் பதினொன்று. தலைவி பன்னிரண்டு. தண்ணி லாரி பன்னிரண்டு. எல்லோரும் கத்தினார்கள், கை தட்டினார்கள். கடைசியில் மந்திரி ஓடினாள். அதை ஓட்டம் என்று சொல்ல மனம் துணிய வேண்டும். போகும்போது ஓடினாள், சுவரைத் தொட்ட இடத்தில் நின்று அதில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தாள், பிறகு திரும்பி வந்தாள்.

"எனக்கு எத்தனைக்கா?"

"பத்தொன்பது."

மந்திரியின் முகத்தில் அந்த மூன்று வாரத்தில் முதல் முறையாக ஒரு சிரிப்பு வந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசைக்குப் போனாள். தோற்றும் சிரிக்கிறதே, நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டு நொடி கோப்பில் குறித்தாள்.

நான்காவது வாரம் மந்திரி வரவில்லை. ஐந்தாவது வாரமும் வரவில்லை.

"காய்ச்சலா இருக்கும்" என்றாள் நொடி.

மெத்தை ஸ்பிரிங்கைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு விசாரித்தான். ஸ்பிரிங்குக்கு மந்திரியின் அடுத்த வீடு.

"அவ கடைசியாம். அவங்க அக்கா சொல்லிட்டா. அவ அழுதுட்டா. இனிமே வரமாட்டாளாம்" என்றான் ஸ்பிரிங், மேலிருந்தபடியே மெத்தையின் காதை முறுக்கிக்கொண்டு.

வகுப்பு முடிந்து பிள்ளைகள் போனதும் மெத்தை சொன்னான். "நீ ஒரு நடை போயிட்டு வா. விலாசம் ரிஜிஸ்டர்ல இருக்கு."

"நான் எதுக்கு? வராத பிள்ளை வீட்டுக்கெல்லாம் போகணும்னு எங்க எழுதியிருக்கு?"

"எங்கயும் எழுதல. நம்பர் வாசிச்சது நீதானே."

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பாள். அவன் குனிந்து பந்துகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான். அவள் ரிஜிஸ்டரை எடுத்து விலாசத்தைத் தேடினாள்.

திங்கட்கிழமை மதியம் போனாள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு குறுகிய தெரு. வீட்டின் முன்னறைதான் சலவைக்கடை. உள்ளே நுழைந்ததும் முகத்தில் ஆவி அடித்தது. நீளமான மேஜை, மேலே தொங்கும் குழாயோடு ஒரு இஸ்திரிப் பெட்டி, சுவர் நெடுக இரும்புக் கம்பிகள். கம்பிகளில் பிளாஸ்டிக் உறை போட்ட கோட்டுகளும் சட்டைகளும். ஒவ்வொன்றின் காலரிலும் எண் எழுதிய ஒரு சீட்டு குத்தியிருந்தது. மந்திரியின் அம்மா ஒரு வெள்ளைச் சட்டையின் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நான் காலேஜ்லேருந்து வர்றேங்க. சனிக்கிழமை கிளாஸ்..."

"வாங்க டீச்சர், உக்காருங்க" என்று அந்த அம்மா ஸ்டூலின் மேலிருந்த துணிகளை நகர்த்தினார். நொடியை அதுவரை யாரும் டீச்சர் என்று அழைத்ததில்லை. உட்காரக் கூச்சமாக இருந்தது.

"பாப்பா ரெண்டு வாரமா வரலயே."

அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அன்னிக்கு வந்ததும் வராததுமா, வாசல்லயே நின்னு சொன்னா டீச்சர். 'எல்லாருக்கும் பதினொண்ணு, பன்னெண்டு. எனக்கு மட்டும் பத்தொன்பது'ன்னு. சட்டை வாங்க வர்றவங்க, போஸ்ட்மேன், எதிர் வீடு, ஒருத்தரை விடல. எல்லார்கிட்டயும் பத்தொன்பது. மூணு நாள் அவளைக் கையில புடிக்க முடியல. நாலாம் நாள் பெரியவ போட்டு உடைச்சிட்டா. 'அடியே, பத்தொன்பதுன்னா நீதான் கடைசி'ன்னு."

நொடிக்குக் காது சூடேறியது. அந்தச் சிரிப்பு இப்போது வேறு மாதிரிப் புரிந்தது.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமேக்கா. நீங்க சொல்லலயா?"

"தெரியாம என்ன? சொல்ல மனசு வரல. அவ முகத்தைப் பார்த்துட்டு எப்படிச் சொல்றது?" என்றவர் உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏய், எறங்கு. கம்பி வளையுதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

நொடி எட்டிப் பார்த்தாள். பின்னறையில் துணி மாட்டும் கம்பி ஒன்று சற்றுத் தாழ்வாக இருந்தது. இரண்டு போர்வைகளுக்கு நடுவில் மூன்றாவது துணிபோல மந்திரி தொங்கிக்கொண்டிருந்தாள். கண்ணை மூடியிருந்தாள். கால் ஆடவில்லை.

"எப்பவும் இப்படித்தான். கோவம் வந்தாலும் அதுல தொங்குவா, சும்மா இருந்தாலும் தொங்குவா" என்றார் அம்மா.

நொடியின் கட்டைவிரல் அவளைக் கேட்காமலேயே ஸ்டாப்வாட்சை அழுத்திவிட்டது. பத்து. இருபது. அவள் கல்லூரியில் எத்தனையோ பேரைக் கம்பியில் தொங்கவிட்டு நேரம் பார்த்திருக்கிறாள். முப்பது. மெத்தையெல்லாம் எட்டில் விழுந்துவிடுவான். நாற்பது. நாற்பத்து நான்கில் மந்திரி கண்ணைத் திறந்தாள், வந்திருப்பது யார் என்று பார்த்தாள், தொப்பென்று குதித்தாள். குதித்ததும் கை பின்னால் போய்விட்டது.

"எனக்கு நம்பர் பார்த்தீங்களா?" என்று சந்தேகமாகக் கேட்டாள்.

"பார்த்தேன். நாப்பத்தி நாலு."

"அது பெரிசு." மந்திரி யோசித்தாள். "இதுல பெரிசு நல்லதா, கெட்டதா?"

"இதுல பெரிசு நல்லது."

"ஓட்டத்துல?"

"ஓட்டத்துல சின்னது நல்லது."

"ஏன் மாத்தி மாத்தி வச்சிருக்கீங்க?"

நொடி வாயைத் திறந்தாள். மூன்று வருஷம் படித்ததில் எதையாவது எடுத்துச் சொல்லலாம் என்று தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. "நான் உனக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றாள். "சொல்லாதது என் தப்பு."

மந்திரி அதைப் பரிசீலித்தாள். "சனிக்கிழமை அங்க கம்பி இருக்குமா?"

"இருக்கும்."

"வளையுமா?"

"வளையாது."

"அப்ப யோசிக்கிறேன்" என்றாள் மந்திரி.

யோசித்து வந்தும்விட்டாள். அந்தச் சனிக்கிழமை மெத்தை கிடைக்கம்பியை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தி, கீழே இரண்டு மெத்தை போட்டு, பக்கத்திலேயே மண்டியிட்டு உட்கார்ந்தான். விழுகிறவர்களைப் பிடிக்க இரண்டு கையையும் நீட்டியபடியே இருந்தான். ஒரு ஏற்பாட்டை நொடி முதலிலேயே சொல்லிவிட்டாள். இனி எண்ணைச் சத்தமாக வாசிக்க மாட்டாள். தொங்கி முடித்தவர் பக்கத்தில் வந்து காதைக் கொடுக்க வேண்டும், அதில் மட்டும் சொல்லுவாள். அது ரகசியம். அடுத்த வாரம் அவரவர் ரகசியத்தை அவரவரே தாண்டிப் பார்க்கலாம்.

ரகசியம் என்ற வார்த்தைக்கு இவ்வளவு பலம் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. தண்ணி லாரி தன் எண்ணைக் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டே வீடு வரை போனானாம். தலைவி வரிசையில் நின்ற யாரையும் அதட்டவில்லை. மந்திரியின் முறை வந்தபோது கூடமே மௌனமாகப் பார்த்தது. எண் தெரியாவிட்டால் என்ன, எவ்வளவு நேரம் தொங்குகிறாள் என்று கண்ணுக்குத் தெரியாதா. பாதியில் ஸ்பிரிங் ஆடாமல் நின்றுவிட்டான். அவன் ஆடாமல் நின்று அன்றுதான் பார்த்தார்கள்.

எட்டாவது வாரம் பேராசிரியை மார்க் போட வந்தார். நொடியின் கோப்பில் அன்றைக்கு ஓட்டமும் தாவலும்தான் இருந்தன. பிள்ளைகளோ உள்ளே வந்ததும் நேராகக் கம்பிக்கடியில் போய் வரிசை கட்டினார்கள். நொடி ஒரு கணம் தயங்கினாள். விசில் ஊதி இழுத்துக்கொண்டு வந்துவிடலாம், வருவார்கள். அவள் மெத்தையைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே மண்டியிட்டுக் கையை நீட்டியிருந்தான்.

பேராசிரியை கோப்பைப் புரட்டினார். "இதுல இது எங்க இருக்கு?"

"இல்ல மேடம்."

"என்ன நடக்குது இங்க?"

நொடி விளக்குவதற்குள் மந்திரி முன்னால் வந்தாள். "இதுல பெரிசு நல்லது. ஓட்டத்துல சின்னது நல்லது. அதை முன்னாடியே சொல்லிடணும். அவங்கவங்க நம்பர் அவங்கவங்களுக்கு மட்டும்தான்."

பேராசிரியை குனிந்தார். "உன் நம்பர் என்ன?"

"சொல்ல மாட்டேன்."

பேராசிரியை நிமிர்ந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு முழு வகுப்பும் உட்கார்ந்து பார்த்தார். போகும்போது, "செஞ்சதை எழுதிட்டு, அப்புறம் கோப்பைக் குடு" என்று மட்டும் சொன்னார். இருபதுக்கு நொடிக்குப் பதினான்கு, மெத்தைக்குப் பதினேழு. அவள் ஒரு நாள் முழுக்க அவனோடு பேசவில்லை. இரண்டாம் நாள் அவனே வந்து, "மூணு மார்க் கடனா வேணும்னா எடுத்துக்க" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இன்று நினைத்தால் அந்தக் கடைசி இரண்டு வாரங்கள்தான் அவள் மனதில் அதிக வெளிச்சமாக இருக்கின்றன. உயரத்திலிருந்த ஜன்னல்கள் வழியாக வெயில் கூடத்தில் கட்டம் கட்டமாக விழும். கட்டத்துக்குக் கட்டம் பிள்ளைகள் தாவுவார்கள். மேகம் வந்து வெயில் மறைந்தால் எல்லோரும் ஆற்றில் விழுந்துவிட்டதாகக் கத்துவார்கள். அது எந்தத் திட்டத்திலும் கிடையாது, பிள்ளைகளே கண்டுபிடித்தது. ரப்பர் விரிப்பின் வாசனை, வரிசையாகக் கழற்றிப்போட்ட பதினாறு ஜோடிச் சின்னச் செருப்புகள், சட்டையைத் தூக்கி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கு?" என்று கேட்கும் மெத்தை. அவள் அப்போது கடிகாரத்தைப் பார்க்க மறந்திருப்பாள்.

கடைசி வாரம் மந்திரி அவளாகவே வந்து, ஓடிப் பார்க்கிறேன் என்றாள். ஓடினாள். இந்த முறை படத்தைப் பார்க்க நிற்கவில்லை. காதைக் கொடுத்தாள்.

"பதினேழு."

"போன தடவையவிடச் சின்னதா?"

"ரெண்டு சின்னது."

"சரி" என்று சொல்லிவிட்டு, பார்வையிடும் நடையில் செருப்பைத் தேடிப் போனாள்.

அன்று பிள்ளைகளை அழைத்துப்போக வந்த பெற்றோர்களில் மந்திரியின் அம்மாவும் இருந்தார். மெத்தையும் நொடியும் போட்டிருந்த கல்லூரி ஜாக்கெட்டுகளைப் பார்த்தார். பத்து வாரமாகத் தரையில் புரண்ட ஜாக்கெட்டுகள்.

"ரெண்டையும் கழட்டிக் குடுங்க. அடுத்த வாரம் வாங்கிக்கலாம்."

"அடுத்த வாரம் கிளாஸ் இல்லக்கா. இன்னியோட முடிஞ்சுது" என்றாள் நொடி.

"அப்ப கடைக்கு வாங்க" என்று அவர் கையை நீட்டியபடியே நின்றார்.

செவ்வாய்க்கிழமை போனாள். பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று மெத்தை வரவில்லை. அவன் படிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். விடைபெறுவது அவனுக்கு வராது. படிப்பு முடிந்ததும் அவன் வேறு ஊருக்குப் போனான், ஒரு துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் இடத்தில் மேற்பார்வை வேலை. இரண்டு கடிதம் போட்டான். இரண்டாவதில், 'இங்கே யாரும் பாலத்துக்கு அடியில் போக வரமாட்டேன் என்கிறார்கள்' என்று எழுதியிருந்தான். அவள் பதில் எழுதினாள். அதில் இன்னும் ஒரு வரி எழுதியிருக்கலாம் என்று பல வருஷம் கழித்துத் தோன்றியது. அந்தக் காலத்தில் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் பேனா போகவில்லை.

கடையில் ஜாக்கெட்டுகள் உறை போட்டுத் தயாராக இருந்தன. அழுக்கின் சுவடே இல்லை. மந்திரி பள்ளிக்கூடம் போயிருந்தாள். பின்னறைக் கம்பியில் போர்வைகள் மட்டும் தொங்கின.

"வந்து கேப்பா. என்ன சொல்லட்டும்?" என்றார் அந்த அம்மா.

நொடி யோசித்தாள். சொல்வதற்கு நிறைய இருந்தது. எல்லாமே ஆறு வயதுக்குப் பெரிதாக இருந்தது.

"வந்துட்டுப் போனேன்னு சொல்லுங்கக்கா."

தெருமுனை வரை இரண்டு ஜாக்கெட்டுகளையும் கையில் மடக்கிப் போட்டுக்கொண்டு நடந்தாள். இஸ்திரியின் சூடு இன்னும் ஆறவில்லை. பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. அதிலும் ஏறாமல், பள்ளிக்கூடம் விடும் நேரம் என்னவாக இருக்கும் என்று எண்ணியபடி, அந்த நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் நின்றாள்.